முற்றத்துச் சுவரில் ஒரு படம்: வீட்டுப் புரொஜெக்டர் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

2024 மே மாதம், பள்ளி விடுமுறையின் நடுவில், 17,500 ரூபாய் கொடுத்து ஒரு சிறிய வீட்டுப் புரொஜெக்டர் வாங்கினேன். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியபின், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கடைகளில் பார்த்த வரையில் இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. படத்தின் தெளிவையும் ஒலியையும் பற்றிச் சொல்வதோடு, இந்தக் கருவி பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலும் தெருவிலும் யாரை யாரோடு உட்கார வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நான் ஒரு பொழுதுபோக்குப் பொருளை எடைபோடும் தராசு அதுதான்.

வாங்கிய காரணத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரவு எட்டரை மணிக்கு மேல் வீட்டுக்குள் நடந்து பார்த்தால் ஐந்து இடத்தில் ஐந்து சிறு வெளிச்சங்கள் தெரியும். மனைவி அடுப்படித் திண்டில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துச் சீரியல் பார்ப்பாள். மகள் கொரிய நாடகத்தில் இருப்பாள். மகன் எங்கோ இருக்கும் யாரோடோ சேர்ந்து சுட்டுக்கொண்டிருப்பான். நான் பழைய பாட்டுக் கேட்பேன். என் அம்மாகூட, எண்பது வயதில், தனக்குப் பிடித்த பிரசங்கியாரின் செய்தியைக் காதுக்கருவி மாட்டிக்கொண்டு தனியாகத்தான் கேட்கிறார்கள். தேவ செய்தியும் தலைக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டதே என்று எனக்கு உறைத்த இரவில்தான் புரொஜெக்டர் வாங்கும் எண்ணம் வந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2013ஆம் ஆண்டிலேயே ஒரே கணக்குக்குள் ஐந்து பேருக்குத் தனித்தனி அறைகள் கட்டிக்கொடுத்துவிட்டது. இன்றைய செயலிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. நமக்கு என்ன பிடிக்கும் என்பதைக் கருவி கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவேண்டிய தேவை நமக்குக் குறைந்துகொண்டே வருகிறது.

இனிக் கருவிக்கு வருவோம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 9,000 லூமன்ஸ் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய அளவில், 400 ஆன்சி லூமன்ஸ் என்று இருந்தது. ஆன்சி என்ற தரமுறைப்படி அளந்த இந்த இரண்டாவது எண்தான் உண்மையான ஒளியின் அளவு. முதலில் சொன்ன எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. விற்பவரின் துணிச்சலுக்கு ஏற்ப அது ஏறும், இறங்கும். ‘4கே’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதும் அப்படித்தான்: 4கே படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவது 1080 வரிகளில்தான். கடையில் கேட்டபோது, ‘எல்லாரும் அப்படித்தான் சார் போடுவாங்க’ என்று பதில் வந்தது. எல்லாரும் செய்வதால் பொய் மெய்யாகிவிடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், அன்று பில்லை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

400 ஆன்சி என்பது இருட்டறைக்குப் போதும். பகலில் ஜன்னலைச் சாத்தினாலும் படம் சாம்பல் பூத்துப்போகும். முற்றத்தில் இரவு ஏழரை மணிக்கு மேல், தெருவிளக்கு நேராக விழாத சுவர் கிடைத்தால், நன்றாகவே தெரியும். சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி ஸ்டூலில் வைத்தால் 100 அங்குலப் படம் வருகிறது. சரிவைத் தானே நேராக்கிக்கொள்ளும் வசதி இருப்பதாகச் சொன்னார்கள். யாராவது ஸ்டூலை இடித்தால் அது குழம்பிப்போய்ச் சுவரெங்கும் கோடுகளை இழுக்கத் தொடங்குகிறது. அதை நிறுத்திவிட்டுக் கையால் சரிசெய்வதே நல்லது. உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி ஓர் அறைக்குக்கூடப் பற்றாது. புளூடூத் வழியாக வெளி ஸ்பீக்கரை இணைத்தால் உதடு அசைந்து முடிந்தபிறகு வசனம் வருகிறது. கடைசியில் 80 ரூபாய்க்கு ஒரு கம்பி வாங்கிப் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் செருகியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தாலே போதும். திரைத்துணிக்கு நான் செலவழித்த 1,200 ரூபாய் வீண், அது காற்றில் ஆடி நடிகர்களின் முகத்தை உப்பவைக்கிறது.

என் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பொருளை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். எங்கள் பக்கத்துச் சபைகளில் சினிமா என்பது ஒரு தலைமுறை முழுவதும் பாவப் பட்டியலில் இருந்தது. லெந்து காலத்தில் இரவு ஆட்டத்துக்குப் போன இளைஞர் ஒருவரைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துப் பின்வரிசையில் உட்கார வைத்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடுமைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஆதிச் சபையின் எழுத்தாளரான கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே, ரோமர்களின் கேளிக்கைகளுக்குக் கிறிஸ்தவர்கள் போகக்கூடாது என்று தனி நூலே எழுதினார். அவர் பேசியது குருதி சிந்தும் அரங்குகளையும் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட விழாக்களையும் பற்றி. நம் பெரியவர்கள் அதே தடியை எடுத்துக் குடும்பப் படத்தையும் அடித்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் எங்களைவிட முந்திக்கொண்டது என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 1971ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட ஓர் ஆவணம், சமுதாயமாக வாழும் மனிதர்களின் ஒற்றுமையும் முன்னேற்றமுமே சமூகத் தொடர்புச் சாதனங்களின் முதன்மையான நோக்கங்கள் என்று தொடங்குகிறது. ஆடை எத்தனை அங்குலம், முத்தம் எத்தனை நொடி என்ற கணக்கோடு அது தொடங்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: ‘எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் பக்திவிருத்தியை உண்டாக்காது.’ பக்திவிருத்தி என்று நம் பழைய வேதாகமம் பெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லின் வேரில் வீடு கட்டுதல் என்ற பொருள் இருக்கிறது. அடுத்த வசனமே, அவனவன் தன் நன்மையை அல்ல, பிறனுடைய நன்மையைத் தேடவேண்டும் என்கிறது. ஆகையால் ‘என்ன பார்க்கிறாய்’ என்று பிள்ளையைக் கேட்பதோடு சபை நின்றுவிட்டது பாதிவேலைதான். ‘யாரோடு பார்க்கிறாய்’ என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

எங்கள் ஊர்களில் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து உண்ணும் அசனப் பண்டிகை தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அரிசி கொடுப்பவர் அரிசி கொடுப்பார், விறகு கொடுப்பவர் விறகு. ஒரே அண்டாவில் சோறு, ஒரே கொப்பரையில் கறிக்குழம்பு. காரம் கூடிவிட்டது என்று பாதிப்பேரும் உப்புக் குறைவு என்று மீதிப்பேரும் முணுமுணுத்தபடியே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாருக்கும் தனி இலை மெனு கிடையாது. அந்த முணுமுணுப்புத்தான் அதன் ருசி. கைப்பேசி நமக்குக் கொடுப்பது அவரவர் நாக்குக்குச் சமைத்து அனுப்பும் டப்பாச் சாப்பாடு. அதில் பசி தீரும், பந்தி இருக்காது.

பழைய நாட்களைப் பொன்னாக்கிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். திருச்செந்தூருக்குத் தெற்கே நான் வளர்ந்த தேரிக்காட்டு ஊரில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது; பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டுக் கடல் தாண்டி வரும் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்ப்போம். 1987 ஜனவரி முதல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ராமாயணம் வந்தபோது, அது ஆராதனை நேரம் என்பதால் எங்கள் குருவானவர் மிகவும் சங்கடப்பட்டார். பெட்டி இருந்ததோ சபையின் டீச்சர் வீட்டில். அவர்கள் கதவைப் பூட்டாமல் ஆலயத்துக்குப் போவார்கள். ஊர்ப் பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து, இந்தி ஒரு சொல்லும் புரியாமல், கதை முழுவதும் தெரிந்ததால் சரியான இடத்தில் அழுவார்கள். ஒரு கிறிஸ்தவ வீட்டின் கூடத்தில் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் கீழத்தெருப் பையன்கள் கூடத்துக்குள் வரவில்லை. அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள், அவர்களில் பலர் எங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களை உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பின் படிநிலை அல்ல, கையிலிருந்த காசு என்றும் எழுதினார். நாங்கள் பாவம் என்று ஒதுக்கிய கொட்டகை, நாங்கள் புனிதம் என்று காத்த கூடத்தைவிட ஒரு படி மேலே இருந்திருக்கிறது.

அந்த ஜன்னல் நினைவிலேயே, புரொஜெக்டரை முதலில் கூடத்தில் வைத்த நான், ஜூன் மாதம் முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். காம்பவுண்டுக் கதவைத் திறந்து வைத்தால் எங்கே உட்காருவது என்று யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. முதல் பெரிய இரவு 2024 ஜூன் 29, இருபது ஓவர் உலகக்கோப்பையின் இறுதி ஆட்டம். எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது ஒன்பது பேர். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ஓட்டம் என்று வந்தபோது முற்றத்தில் கால்வைக்க இடமில்லை. எதிர்வீட்டு ஆச்சி, மூன்று வீடு தள்ளியிருக்கும் பாய் குடும்பம், மாடியில் வாடகைக்கு இருக்கும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், காய்கறி வண்டிக்காரர் எல்லாரும் இருந்தார்கள். கருவியின் குறை ஒன்று அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. செயலி வழியாக வந்த ஒளிபரப்பு அரை நிமிடம் பிந்தியிருந்ததால், எங்கள் சுவரில் பந்துவீச்சாளர் ஓடிவருவதற்கு முன்பே பின்தெருவில் கத்திவிடுவார்கள். பதினெட்டாவது ஓவரில் பாய் வீட்டு மூத்த பையன் தங்கள் செட்டாப் பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்து எச்டிஎம்ஐ கம்பியில் செருகி, நீண்டிருந்த கேபிளை மதில் வழியாக இழுத்தான். கடைசி ஓவரின் முதல் பந்தில் சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் பந்தைத் தட்டிவிட்டு, வெளியே போய், மறுபடி உள்ளே வந்து பிடித்ததை அதனால்தான் நாங்களும் பின்தெருவும் ஒரே நேரத்தில் பார்த்தோம். ஏழு ஓட்ட வெற்றி. ஆச்சி, ‘என்னய்யா, நம்ம ஆளு செயிச்சிட்டானா?’ என்று நான்கு முறை கேட்டார்கள். நான்கு முறையும் வேறு வேறு பேர் பதில் சொன்னார்கள்.

சேர்ந்து கத்துவது எல்லாம் ஒற்றுமை ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆதிச் சபைப் பிதாவான அகுஸ்தீன் ‘அறிக்கைகள்’ என்ற தன் நூலில் நண்பன் அலிப்பியுசைப் பற்றிச் சொல்வது கிறிஸ்தவர்கள் மறக்கக்கூடாத ஒரு கதை. வாட்போர் அரங்குக்கு நண்பர்கள் இழுத்துப்போனார்கள்; அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்; கூட்டத்தின் ஒரு பெருங்கூச்சல் காதில் விழுந்ததும் கண்ணைத் திறந்தான், அதோடு அவன் வந்தவனாக இல்லை, கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். குருதியைக் குடித்தது போல் என்று எழுதுகிறார் அகுஸ்தீன். ஒருவேளை எங்கள் ஆட்டம் வேறொரு நாட்டோடு நடந்திருந்தால் எங்கள் முற்றத்தின் கூச்சலில் வேறு சொற்களும் கலந்திருக்கலாம்.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. அதே ஆண்டு ஓணம் விடுமுறைக்கு மகளின் தோழிகள் வந்திருந்தபோது ஒரு தமிழ்ப் படம் போட்டோம். பெயர் எதற்கு, வசூலில் வெற்றிபெற்ற, எல்லாரும் குடும்பத்தோடு பார்த்த படம்தான். இடைவேளைக்குப் பிறகு குண்டு வைக்கும் கும்பல் வந்தது: தாடி, தொப்பி, அத்தர், பின்னணியில் ஓதும் ஓசை. இதே படத்தை நான் கைப்பேசியில் முன்பே பார்த்திருந்தேன். அப்போது எதுவும் தோன்றவில்லை. அன்று எனக்கு முன்னால் பாய் வீட்டு இளைய பையன், எட்டாம் வகுப்பு, காலை மடித்து உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனான். திரும்பி வரவில்லை. படத்தை நிறுத்தலாமா என்று நான் யோசித்தேன், நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனைச் சுட்டிக்காட்டியது போலாகும் என்று ஒரு சமாதானம். ஒரு காலத்துப் படங்களில் குடிகாரனுக்கும் கவர்ச்சி நடனக்காரிக்கும் தேடிப்பிடித்துக் கிறிஸ்தவப் பெயர் வைத்தபோது எங்கள் வீட்டில் எப்படிக் குமுறினோம் என்பது எனக்கு நினைவிருந்தும்.

மறுநாள் சர்க்கரைப் பொங்கலோடு போய் அவன் வாப்பாவைப் பார்த்து வருத்தம் சொன்னேன். ‘விடுங்க அண்ணாச்சி, எங்களுக்குப் பழகிப்போச்சு’ என்றார். அந்தப் பழக்கம்தான் ஒரு சமுதாயத்தின் நோய் என்று நினைக்கிறேன். தணிக்கைச் சான்றிதழில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. பக்கத்தில் பாய் வீட்டுப் பையன் இருக்கும்போது பார்க்கத் தகுந்ததா என்பதற்கு அதில் பிரிவு இல்லை. பெரிய திரையில், அயலார் நடுவில் போட்டுப் பார்த்தால் அந்தச் சான்றிதழ் தானாகக் கிடைத்துவிடுகிறது. கைப்பேசியில் ஒரு இழிவான நகைச்சுவைக்கு நாம் சிரிப்பதை யாரும் பார்ப்பதில்லை. முற்றத்தில் அடுத்தவர் சிரிக்காததை நாம் பார்த்துவிடுகிறோம். இந்தக் கருவியின் விலைப்பட்டியலில் இல்லாத சிறப்பு என்று இதைத்தான் குறிப்பேன். அதன்பிறகு என்ன படம் போடுவது என்பதை வெள்ளிக்கிழமை மூன்று வீட்டார் சேர்ந்து முடிவுசெய்கிறோம். அந்தப் பையன் மறுபடி வருவதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

சபையில் சிலருக்கு வேறொரு யோசனை தோன்றியது. இத்தனை பேர் கூடுகிறார்களே, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தைப் போட்டால் என்ன என்று கேட்டார்கள். 1979ஆம் ஆண்டு எடுக்கப்பட்டு உலகின் ஏராளமான மொழிகளில் ஒலிமாற்றம் பெற்ற அந்தப் படம் தமிழிலும் உண்டு; நானே சிறுவயதில் ஊர் மைதானத்தில் தரையில் உட்கார்ந்து அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தவன்தான். நான் மறுத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று அழைத்து, இன்ன படம் என்று சொல்லிப் போட்டால் வருகிறவர்கள் தெரிந்து வருவார்கள், அப்படியே ஒருமுறை போட்டோம், ஆச்சிகூட வந்தார்கள். கிரிக்கெட் என்று கூப்பிட்டுவிட்டுப் பிரசங்கம் வைப்பது விருந்துக்கு அழைத்துக் கடன் கேட்பது போன்றது. ‘இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது’ என்ற சங்கீதத்தில், ஒருமித்திருப்பதே நன்மை என்றுதான் இருக்கிறது. அதை வைத்து வேறு எதையோ சாதிக்கச் சொல்லவில்லை. இதில் என்னோடு உடன்படாதவர்கள் சபையில் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில செய்திகள். பெட்டிக்குள்ளேயே செயலிகள் இருக்கின்றன என்பதை நம்பவேண்டாம். மலிவான புரொஜெக்டர்கள் பலவற்றுக்குப் பெரிய ஓடிடி நிறுவனங்களின் அனுமதி கிடையாது, படம் மங்கலாக வரும் அல்லது வரவே வராது. இணையப் படங்களைக் காட்டும் ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகவேண்டும். சந்தா எடுத்த படத்தை வீட்டுக்காரர்கள் பார்க்கலாம். ஆலய வளாகத்தில் நோட்டீஸ் போட்டுக் காட்டுவதற்கு அந்தச் சந்தா செல்லாது, உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கவேண்டும். இதை ஓர் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ஆனாலும் களவு செய்யாதே என்ற எட்டாம் கட்டளை படத்துக்கும் பொருந்தும். மின்சாரம் போனால் சாதாரண இன்வெர்ட்டரே இதைத் தாங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு முற்றத்தில் போடாதீர்கள்: ஒளிக்கற்றைக்குள் ஈசல் பறந்து, கதாநாயகியின் முகத்தில் பருந்து அளவு நிழல்கள் விழும், பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அவற்றை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

படத்துக்கு மூன்று நட்சத்திரம், ஒலிக்கு ஒன்று, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களுக்குப் பூஜ்யம். கூடத்துக்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் இதே பணத்துக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கிக்கொள்ளலாம், படம் இதைவிடப் பளிச்சென்று இருக்கும். கதவைத் திறந்துவைக்க இடமுள்ளவர்கள் இதை வாங்கலாம். விளக்கு 20,000 மணி நேரம் எரியும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 128 ஆண்டுகள் வருகிறது. போன மாதம் தூசி தட்டக் கொண்டுபோனபோது பழுதுபார்க்கும் தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து ஒரு தேக்கரண்டி ஈசல் சிறகை எடுத்து மேஜைமேல் கொட்டிக் காட்டிவிட்டு, மூன்று வருடம் ஓடினால் பெரிது சார் என்றார்.